கீழ்த் தாழ்ப்பாள்

என் கணவர் இதுவரை மூன்று படம் எடுத்திருக்கிறார். மூன்றிலும் ஒரு காவல் நிலையத்தைக் கூட்டம் சுற்றி வளைக்கும். உள்ளே நாலைந்து போலீஸ், வெளியே அறுபது ரவுடி, விடியும்வரை சண்டை. ஏன் எப்போதும் இதே கதை என்று யாராவது கேட்டால் அவர் கூச்சப்படாமல் சொல்வார்: “ஒரே கட்டடம், ஒரே ராத்திரி, எல்லாருக்கும் ஒரே உடுப்பு. இதைவிடச் சிக்கனமா ஆண்டவனாலயும் ஒரு கதையை யோசிக்க முடியாது.”

அந்த ராத்திரியும் நிஜ ராத்திரி இல்லை. பகல் பதினோரு மணிக்கு ஜன்னல்களில் கறுப்புத் துணியை ஆணியடித்து மாட்டிவிட்டால் நள்ளிரவு வந்துவிடும். அறுபது ரவுடி என்று சொன்னேனே, அதுவும் ஒன்பது பேர்தான். காலையில் உடுப்பு மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து சுடுவார்கள். மதியம் அதைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியேயிருந்து கல் எறிவார்கள். காலையில் சுட்ட தோட்டாவுக்கு மதியம் தாங்களே செத்து விழுந்தவர்கள் அந்தக் குழுவில் பலர் உண்டு.

எங்கள் வீட்டில் நிஜப் போலீஸ் நான். பதினான்கு வருடமாகக் காவலர் வேலை. அவர் படத்தைப் பார்த்து நான் சிரிக்காத நாள் கிடையாது. அவரும் கோபித்துக்கொண்டது கிடையாது. “நீ சிரிச்ச இடத்தையெல்லாம் குறிச்சு வச்சிருக்கேன், அடுத்த படத்துல திருத்திக்கிறேன்” என்பார். திருத்தியதில்லை.

நாலாவது படத்தின் நாலாவது நாள். எனக்கு வார ஓய்வு. என் நாத்தனார் காலையிலேயே போன் செய்தாள். அண்ணன் எடுக்கும் எல்லாப் படத்துக்கும் உடுப்பும் ஒப்பனையும் அவள் பொறுப்பு.

“அண்ணி, உங்க பழைய பெல்ட் ரெண்டு கொண்டு வாங்க. ஒரு போலீஸுக்கு இடுப்பு நிக்க மாட்டேங்குது, சுடும்போது பேண்ட் இறங்குது. அப்படியே சாப்பாடும் எடுத்துட்டு வந்துட்டீங்கன்னா, நீங்கதான் இந்தப் படத்தோட தயாரிப்பாளர்.”

பெல்ட்டையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

படப்பிடிப்பு, பல வருடமாக மூடிக் கிடந்த ஒரு தபால் நிலையத்தில். வாசல் பலகைக்கு மேல் ‘காவல் நிலையம்’ என்று எழுதிய அட்டையை ஒட்டியிருந்தார்கள். உள்ளே தபால்தலை விற்கும் கவுண்டர், புகார் வாங்கும் மேசையாகியிருந்தது. பின்னறையில் கடிதம் பிரிக்கும் மரப்பெட்டிகள் சுவர் முழுக்க இருந்தன. நாத்தனார் ஒவ்வொரு பெட்டியிலும் ஒருவருடைய துண்டு, மீசை, ரத்தப் பாட்டில் என்று வைத்திருந்தாள்.

உள்ளே காலை வைத்ததும் ஒரு குரல் கேட்டது. நிறுத்தாமல் பேசும் குரல். என்னோடு வேலை பார்க்கும் மூத்த காவலருடையது. எங்கள் ஸ்டேஷனில் அவருக்குப் பெயரே ரேடியோ.

“அண்ணனுக்குப் போலீஸ் விஷயத்துல யோசனை சொல்ற ஆள் இன்னிக்கு வரலை. உங்க ரேடியோவைக் கூட்டிட்டு வந்துட்டார். அவர் வந்ததுலேர்ந்து எல்லாரும் நேரா நிக்கிறாங்க, அண்ணி!” என்றாள் நாத்தனார்.

தூக்கைக் கீழே வைத்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் எங்கள் ஸ்டேஷனையே ஒரு கூட்டம் சுற்றிக்கொண்டது. ஒரு லாரி ஓட்டுநர் யாரையோ இடித்துவிட்டு, அடி தாங்காமல் எங்களிடம் ஓடி வந்திருந்தார். அவரை வெளியே அனுப்பு என்று கூட்டம் கேட்டது. “நான் பேசிட்டு வர்றேன், நான் பேசிப் பணியாத கூட்டமா?” என்று ரேடியோ அண்ணன் தனியாக இறங்கிப் போனார். ஐந்து நிமிடம் பேசினார். முதல் கல் விழுந்ததும் திரும்பி ஓடி வந்தார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே கூட்டமும் வந்தது. கதவருகில் நின்றவள் நான். உள்ளே அந்த ஓட்டுநர், புகார் கொடுக்க வந்த ஒரு பெண், அவளுடைய இரண்டு குழந்தைகள், எங்கள் ஆட்கள். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அவர் வெளியே நின்றார்.

கால் மணி நேரம் கழித்துத்தான் உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். அதற்குள் அவர் வலது கால் மூன்று இடத்தில் உடைந்திருந்தது. ‘கதவு இறுகிக்கொண்டதால் திறக்க இயலவில்லை’ என்று எங்கள் அதிகாரி அறிக்கை எழுதினார். யாரும் மாற்றிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ரேடியோ அண்ணன் இப்போது ஆவண அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். ஒருநாளும் அவர் அதைக் கேட்டதில்லை.

என் கணவரிடம் மட்டும் சொன்னேன், போன வருடம். ‘எங்க ஆள் ஒருத்தர்’ என்று மட்டும் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. ரேடியோ அண்ணன் வீட்டுக்கு வந்தபோது அவர் காலைப் பார்த்துவிட்டு இவர் கேட்டதற்கு, வண்டியிலிருந்து விழுந்துவிட்டார் என்று முன்பே ஒரு பொய் சொல்லி வைத்திருந்தேன்.

“வா வா, சரியான நேரத்துக்கு வந்தே!” என் கணவர் கையில் இரண்டு தாளோடு வந்தார். “இன்னிக்குத்தான் முக்கியமான சீன். படி.”

படித்தேன். இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கூட்டத்தோடு பேசப் போன காவலர் திரும்பி ஓடி வருகிறார். பெண் காவலர் கதவைச் சாத்துகிறாள். அவர் வெளியே நின்று தட்டுகிறார். இவள் அழுகிறாள். பிறகு, இரண்டாம் தாளில், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கிறாள். அவரை உள்ளே இழுக்கிறாள். பன்னிரண்டு ரவுடிகள் விழுகிறார்கள். இசை.

அந்தப் படத்தில் இருப்பது நான் என்று ரேடியோ அண்ணனுக்குத் தெரியக் கூடாது. அதைத் தவிர வேறு எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆனால் அதே தாளின் ஒரு பிரதி அவர் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவருகில் கதாநாயகிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர், பத்து நாள் விடுப்பு எடுத்துவிட்டு நடிக்க வந்தவள். எம்பி மேல் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அது வேணாம்மா. மேல போட்டா ஒரு தோள் இடிக்குத் தாங்காது. முதல்ல கீழ. குனியாதே, குனிய நேரம் ஏது? குதிகாலால ஒரு இடி. டொக்! இறங்கிடும். அப்புறம் மேல.”

“நிஜப் போலீஸ் எல்லாரும் இப்படித்தான் போடுவாங்களா, அண்ணா?”

“எல்லாரும் இல்லை. நாங்கள்லாம் சோம்பேறிங்க, மேல தாழ்ப்பாளோட சரி. எங்க ஸ்டேஷன்ல கீழ்த் தாழ்ப்பாளைப் போடற ஆள் ஒண்ணே ஒண்ணுதான். அந்தச் சத்தம் வெளிய நின்னா நல்லாக் கேட்கும்.”

கதாநாயகி குதிகாலால் இடித்தாள். டொக்.

எங்கள் நிலையத்தில் அந்தத் துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தொட்டது நான் ஒருத்திதான். வேலையில் சேர்ந்த முதல் வாரமே, மேல் தாழ்ப்பாள் எட்டாததால் பழகிக்கொண்டது. ஷூவின் குதிகால் தேய்ந்துபோகிறதே என்று ஸ்டேஷனில் எல்லாரும் கேலி செய்திருக்கிறார்கள். அவருக்குத் தெரியும். அன்றைக்கே, அந்த நொடியே தெரிந்திருக்கிறது.

ரேடியோ அண்ணன் தாளைப் புரட்டினார். “சார், இங்க கதவைத் திறக்கிறாளே, எதுக்கு?”

“அவரைக் காப்பாத்த,” என்றார் என் கணவர்.

“அவரோட சேர்ந்து கூட்டமும் வருமே?”

“துப்பாக்கி இருக்குல்ல.”

“துப்பாக்கியில எத்தனை குண்டு?”

என் கணவர் யோசித்தார். “பன்னிரண்டு பேர் விழணும்.”

“அப்ப குண்டு பத்தாது, பதிமூணாவது ஆளுக்கு நீங்கதான் போய் எடுத்துச் சொல்லணும்,” என்றார் ரேடியோ அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. “அட, தங்கச்சி,” என்றார்.

நான் என் கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். நாத்தனார் எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஒரு மீசையை எடுத்துக்கொண்டு தானாக வெளியே நழுவினாள்.

மற்றவர்கள் முன் அவரை ‘நீங்க’ என்பேன். தனியாக இருந்தாலும் ‘நீங்க’தான். கோபம் வந்தால் மட்டும் ‘நீ’.

“நீ என்ன எழுதி வச்சிருக்கே?”

‘நீ’ என்றதும் அவர் முகம் மாறியது. “உன்கிட்ட முதல்லயே காட்டணும்னு நெனச்சேன். நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு…”

“சொல்லியிருப்பேன். அதனால காட்டலை.”

“பேர் இல்லை, ஊர் இல்லை. யாருக்கும் தெரியாது. உனக்காகத்தான் எழுதினேன். தூக்கத்துல நீ காலை உதைக்கிறே. ஆறு வருஷமா உதைக்கிறே. எதுக்குன்னு போன வருஷம்தான் எனக்குத் தெரிஞ்சது. படத்துலயாவது அந்தப் பொண்ணு கதவைத் திறக்கட்டும், நீ உட்கார்ந்து பாரு, ஒரு ஆறுதலா இருக்கும்னு பார்த்தேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சண்டைப் படம் எடுத்தாவது மனைவியைத் தூங்க வைக்க நினைக்கிற ஒரு மனிதர்.

“திறந்திருந்தா நல்லவள்னு காட்டறே. அப்ப திறக்காத நான் யாரு?”

“அப்படி இல்லைம்மா…”

“நீ என்னை மன்னிச்சு ஒரு படம் எடுக்கறே. நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்கலையே. திரும்ப அதே நாள் வந்தாலும் நான் தாழ்ப்பாள்தான் போடுவேன். அதனாலதான் தூக்கம் வரலை. வேற மாதிரி செஞ்சிருக்கலாம்னு தோணினா அழுதுட்டுத் தூங்கியிருப்பேன்.”

அவர் ஒரு மரப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதை நான் என்னிடமே இதுவரை சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நிஜம் என்று தெரிந்தது.

“இன்னொண்ணு,” என்றேன். “அந்த ஆள் இவர்தான்.”

“எவர்?”

“வெளிய நின்னவர். ரேடியோ அண்ணன்.”

“வண்டியிலேர்ந்து விழுந்தார்னு சொன்னே?”

“சொன்னேன்.”

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். “ஐயோ! காலையில நானே அவர் கையில தாளைக் கொடுத்து, ‘இந்த சீன் நல்லா உருக்கமா வந்திருக்கு, படிச்சுப் பாருங்க’ன்னு சொன்னேன்.”

வெளியே நாத்தனாரின் குரல் கேட்டது: “போலீஸெல்லாம் உடுப்பைக் கழட்டுங்க, கூட்டமா மாறுங்க! சாப்பிட்டுட்டு மாறுங்க, துண்டுல குழம்பு ஆக்காதீங்க!”

ரேடியோ அண்ணன் கட்டடத்தின் பின்படியில் உட்கார்ந்திருந்தார். அடிபட்ட காலை நீட்டி, நல்ல காலை மடக்கி. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்பது பேரும் முற்றத்தில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணா, கதவு இறுகலை. நான்தான் போட்டேன்.”

“தெரியும்.”

“அன்னைக்கே தெரியுமா?”

“டொக்னு கேட்டுச்சே.”

“அப்புறம் ஏன் ஒரு தடவைகூடக் கேட்கலை?”

அவர் முழங்காலைத் தேய்த்தார். “கேட்டா, கதவு இறுகிடுச்சுண்ணான்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிடுவியோன்னு பயம். ஆஸ்பத்திரிக்கு நாப்பது நாள் வந்தே. ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்தே. மழை பெய்யுது, வெயில் அடிக்குதுன்னு என்னென்னமோ பேசினே. ஒவ்வொரு நாளும், இன்னிக்குச் சொல்லிடுவா, இன்னிக்குச் சொல்லிடுவான்னு படுத்திருப்பேன். அப்புறம் ஆரஞ்சே பிடிக்காம போச்சு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இன்னிக்குக் காலையில உன் வீட்டுக்காரர் தாளைக் கொடுத்தார். படிச்சதும் புரிஞ்சது. வீட்டுல சொல்லியிருக்கே. சினிமாக்காரங்க பதினஞ்சு பேருக்குத் தெரியுது. என்கிட்ட மட்டும் சொல்லலை.”

“கோபமா, அண்ணா?”

“பின்னே? ரெண்டு வருஷம் உன்னை மனசுக்குள்ள கண்டபடி திட்டினேன். அப்புறம் திட்டறதுக்குப் புது வார்த்தை கிடைக்கலை, விட்டுட்டேன். இப்பவும் படி ஏறும்போது ஒண்ணு ரெண்டு வரும்.” பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “உள்ள எத்தனை பேரு?”

“என்னோட சேர்த்துப் பதினொண்ணு.”

“அந்தக் குழந்தைங்க அழுதுச்சா?”

“பெரியவன் அழலை. சின்னது என் காலைக் கட்டிக்கிச்சு.”

தலையை ஆட்டினார். “நான் எவ்வளவு தூரத்துல வந்தேன்? நான் கணக்குப் போட்டு வச்சிருக்கேன், ஒரு இருபது அடி இருக்கும். இருபது அடின்னா முடியாது. நீ எனக்காகக் காத்திருந்தா அவங்களும் உள்ள வந்திருப்பாங்க. அப்படிச் சொல்லித்தான் என் பெண்டாட்டியையும் சமாதானம் செஞ்சு வச்சிருக்கேன். இருபது அடி இருக்கும்ல?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது ஒரு சின்னச் சொல். அவர் அதை எனக்கென்று கையில் எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். நான் வாங்கிக்கொண்டால் இருவருக்கும் நிம்மதி. ஆனால் இதுவும் இன்னொரு ஆரஞ்சுதான் என்று தோன்றியது.

“இல்லைண்ணா,” என்றேன். “பத்து.”

“பத்தா?”

“வாசல் குழாய்க்கு இந்தப் பக்கம் வந்துட்டீங்க. பத்தடி. அவங்க உங்களுக்குப் பின்னால ஒரு கை நீளத்துல.”

“பத்தடின்னா மூணே எட்டு,” என்றார். பிறகு எழுந்தார். நான் கை கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. முற்றத்தைத் தாண்டி, சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டத்தைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே போனார். தெருவில் அவர் நடக்கிற சத்தம் கொஞ்ச தூரம்வரை கேட்டது, ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து.

நான் அங்கேயே இருந்தேன். அவர் திரும்பி வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த இரண்டாவது தாளை எடுத்துக் காட்டினார். குறுக்கே கோடு போட்டிருந்தார்.

“சீனே வேணாம்னா தூக்கிடறேன். இல்லைன்னா, அவ திறக்கலை. அவ்வளவுதான். பாட்டு கிடையாது, அழுகை கிடையாது. கேமரா அவ மேலயே நிக்கும். தட்டற சத்தம் நிக்கிறவரைக்கும்.”

“அப்புறம் எப்படி அவ கதாநாயகி? பார்க்கறவங்க விசில் அடிக்க மாட்டாங்க.”

“போன மூணு படத்துக்கும்தான் யாரும் அடிக்கலை,” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரோடு சேர்ந்து. அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். “நீங்க சீனை வச்சுக்கறதும் தூக்கறதும் நான் சொல்ல வேண்டியது இல்லை. அவர்தான் சொல்லணும்,” என்றேன். ‘நீங்க’ என்றதை அவர் கவனித்தார். என் தலையை லேசாகத் தட்டினார்.

முக்கால் மணி நேரம் ஆனது. ஒன்பது பேரும் முகத்தில் துண்டு கட்டித் தயாராகி, வெயிலில் வரிசையாக உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்கள். கேட் கிறீச்சிட்டது. ரேடியோ அண்ணன் நேராக என் கணவரிடம் வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

“சார், அந்த ஆளை எங்க நிக்க வைக்கப் போறீங்க?”

என் கணவர் எழுந்து நின்றார். “நீங்க இந்த சீன் வேணாம்னு சொன்னா…”

“வேணாம்னு நான் சொல்லலையே. எங்க நிக்க வைக்கப் போறீங்கன்னுதான் கேட்டேன்.”

“அதோ, அந்த மரத்துக்கிட்ட. ஓடி வர்ற மாதிரி.”

“அது முப்பதடி. அங்க நிறுத்தினா அந்தப் பொண்ணுக்கு ரொம்ப சுலபம். யாரா இருந்தாலும் சாத்திடுவாங்க. பத்தடியில வைங்க. டேப் இருக்கா?”

நாத்தனார் ஓடிப்போய்த் தையல் டேப்பைக் கொண்டு வந்தாள். அது ஐந்தடிதான். யாரோ தச்சர் டேப்பைத் தேடி எடுத்தார்கள். ரேடியோ அண்ணன் அதன் முனையை இழுத்தார். ஒரு நொடி யோசித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“கதவுக்கிட்ட பிடி.”

நான் வாசற்படியில் குனிந்து முனையை அழுத்திப் பிடித்தேன். அவர் டேப் பெட்டியோடு பின்னால் நடந்தார், காலை இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே. பத்து என்ற எண்ணில் நின்றார். டேப் எங்களுக்கு நடுவே விறைப்பாக நின்றது. பத்தடியில் ஒருவர் முகத்தில் எல்லாம் தெரிகிறது. மீசையில் நரை, நெற்றியில் வியர்வை, கண் சிமிட்டுவது வரைக்கும்.

“அன்னைக்கு என்னைப் பார்த்தியா? சாத்தறதுக்கு முன்னால?”

“பார்த்தேன்.”

“என் மூஞ்சியை?”

“உங்க மூஞ்சியைத்தான்.”

துண்டு கட்டிய ஒன்பது பேரும் பல் குத்துவதை நிறுத்தியிருந்தார்கள். பிறகு அவர் சாக்பீஸ் கேட்டு வாங்கினார். நல்ல காலை மடக்கி, சிரமப்பட்டுக் குனிந்து, தன் காலடியில் தானே ஒரு கோடு போட்டார்.